லூபோக் சீனாவிலும் ஆடியதா?

மலாக்கா பக்கம் பூமி ஆடாது என்று இப்போதுள்ள பிள்ளைகள் சொல்கிறார்கள். ஆடியது. நான் அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முன்பு. ஜாசினை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தோம். அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதில் அவளுக்கு இணை அந்தத் தோட்டத்தில் கிடையாது, பேச்சிலும் கிடையாது. அவளைப் பெண் கேட்டு லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாப்பிள்ளையும் அவர் தாயாரும் வந்தார்கள். மலாக்காவின் அந்தக் கோடி அது. பஸ் ஏறி இறங்கி, செம்மண் சாலையில் நடந்து வந்து சேர்ந்தார்கள்.

மாரியம்மன் முன்னால் தாம்பூலத் தட்டு மாற்றினால்தான் எங்களுக்குப் பேச்சு உறுதி. வேலையில்லாத நாள், லயமே கோயிலில் கூடியிருந்தது. அப்பா தட்டை நீட்டினார். மாப்பிள்ளையின் தாயார் வாங்கக் கை நீட்டினார். அந்த நேரம் பார்த்துக் கோயில் மணி தானாக அடித்தது.

யாரும் கயிற்றைத் தொடவில்லை. காலுக்கடியில் பெரிய எருமை ஒன்று புரண்டு படுத்தது போல இருந்தது. தட்டிலிருந்த பாக்கெல்லாம் உருண்டது. நான் அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டேன்.

ஆட்டம் நின்றதும் அந்த அம்மாள் கையை இழுத்துக்கொண்டார். ஆத்தாளுக்கே இந்தப் பெண் பிடிக்கவில்லை, இதற்கு மேல் என்ன உத்தரவு வேண்டும் என்றார். இப்படி ஒரு பேர் விழுந்துவிட்டால் அப்புறம் எந்தத் தோட்டத்திலிருந்தும் சித்தியைக் கேட்டு ஆள் வராது. அப்பா தட்டோடு அப்படியே நின்றார்.

தலை நிறையப் பூ வைத்து உட்கார்த்தியிருந்த சித்தி எழுந்துவிட்டாள்.

“அத்தே, மேட்டுல கவுத்து வச்ச மங்கெல்லாம் கடகடன்னுச்சே, கேட்டீங்களா?”

ரப்பர் பால் பிடிக்கிற பீங்கான் கோப்பையைத்தான் மங்கு என்போம். வெட்டு இல்லாத நாளில் கோயிலை ஒட்டிய மேட்டில் மரத்துக்கு மரம் கவிழ்த்து வைத்திருக்கும். சத்தம் எல்லாருக்கும் கேட்டுத்தான் இருந்தது. அதை ஒரு பொருட்டாக எடுத்தது அவள் ஒருத்திதான்.

“ஆத்தாவுக்கு எம்மேல கோவம்னா நான் உக்காந்த எடம் மட்டுந்தானே ஆடணும்? மேடே ஆடியிருக்கு. உங்க தோட்டத்துலயும் ஆடியிருக்கும், போயிக் கேட்டுப் பாருங்க. அங்க ஆடலைன்னா நான் இப்படியே இருந்துக்கிறேன். ஆடியிருந்தா, ஆத்தா உங்க வீட்டையும் வேணான்னு சொல்லிட்டான்னுதானே ஆவும்லா.”

அம்மா அவள் வாயைப் பொத்தப் போனாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். அவர் தாயார் சிரிக்கவில்லை. வாய் நீளம்தான், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

அன்றிலிருந்து சித்தி வேலை முடிந்து வந்து குளித்ததும் கோயிலுக்குப் போய்விடுவாள். நானும் பின்னாலேயே போவேன். கண்ணை மூடி வெகுநேரம் நிற்பாள், உதடு மட்டும் அசையும். கூட்டத்தில் வாயாடியதற்கு ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அந்த அம்மாள் மகனைக் கூட்டிக்கொண்டு திரும்ப வந்தார். அங்கே சீனர் கடையில் போத்தல்கள் விழுந்து உடைந்தனவாம். பக்கத்து மலாய்க்காரர் கம்போங்கில் கிணற்றுத் தண்ணீர் அலம்பியதாம். இந்தத் தடவை தட்டை அவரே கொண்டுவந்திருந்தார்.

“ஒங்க வீடும் ஆடிருச்சு, எங்க வீடும் ஆடிருச்சு. இனிமே யாரு யாரைச் சொல்றது? எடுங்க சம்பந்தி.”

பூமியின் மேலோடு துண்டு துண்டாக இருக்கிறது என்று என் பேத்தி சொல்கிறாள். நகம் வளர்கிற வேகத்தில் நகர்கிறதாம். சுமத்ராவுக்கு அந்தப் பக்கம், கடலுக்கடியில் ஒரு துண்டு இன்னொன்றின் கீழே நுழைகிறதாம். சிக்கிக்கொண்டது விடுபட்டால் ஆட்டம் இங்கே வரைக்கும் வருமாம். எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கு இது நன்றாகவே புரிகிறது. இதில் ஒன்றும் கேள்விப்படாமல், மங்குச் சத்தத்தை வைத்தே பேசினாளே என் சித்தி, அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

லூபோக் சீனாவிலும் ஆடியது உனக்கு எப்படித் தெரியும் என்று கல்யாணத்துக்கு முந்தின நாள் அவளிடம் கேட்டேன். கன்னத்தைக் கிள்ளிவிட்டுச் சிரித்தாள். இவளுக்குத் தெரியாதது இல்லை என்று பெருமையாக லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அவளுக்குத் தெரியவே தெரியாது, பின்னாளில் அவளே சொன்னாள். அந்தச் சாயங்காலமெல்லாம் ஆத்தாள் முன்னால் நின்று அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அங்கேயும் ஆடியிருக்க வேண்டுமே.