வியாழக்கிழமைகளில் தனக்கோடி வீடு

1964-ல் ரஞ்சிதத்துக்கு முப்பத்தொரு வயசு. கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளியின் மகள். பெங்களூரில் ஒரு கல்லூரியில் சமூகப்பணி விரிவுரையாளர். வகுப்பில் பாடம் நடத்துவது பாதி வேலைதான். மாணவர்கள் வியாழக்கிழமைதோறும் வீடு வீடாகப் போய்ப் பேசிவிட்டு எழுதித் தரும் ரிப்போர்ட்டுகளைப் படித்துத் திருத்துவது மீதிப் பாதி. போகாமலே போனதாக எழுதுகிறவர்களை இரண்டாம் பக்கத்திலேயே பிடித்துவிடுவாள். பொய் ரிப்போர்ட்டில் வருகிற ஏழைகள் எல்லாரும் ஒரே மாதிரி அழுவார்கள்.

மாணவி ஜூடித் எழுதியதில் அழுகையே இல்லை. நகரத்தின் மர்பி டவுன் பகுதியில் தனக்கோடி என்ற பெண்ணை அவள் ஏழு வியாழக்கிழமை பார்த்திருந்தாள். தனக்கோடி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாலு வயசு மகள் சரளாவை ஏதோ ஒரு இல்லத்தில் சேர்த்துவிட்டார்களாம். எந்த இல்லம் என்று தெரியவில்லை. கூட்டிப்போன கன்னியாஸ்திரி சிஸ்டர் பெயர் பிரிஜெட். தனக்கோடிக்குத் தங்கவயலில் முனியப்பன் என்று ஒரு தம்பி உண்டு. ஏழு ரிப்போர்ட்டுமே இப்படித்தான் முடிந்தன: 'எனக்குக் காபி கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.'

குழந்தையைப் பற்றி மேலும் விசாரிக்க ரஞ்சிதம் ஒரு காலையில் தானே போனாள். எதிர்வீட்டுப் பாஞ்சாலி குழாயடியில் குடத்தை இறக்கி வைத்தாள்.

"தனக்கோடியா? வைசூரி வந்து செத்து ரெண்டு வருசம் ஆச்சும்மா. வீடு பூட்டித்தான் கெடக்குது. அந்தக் காலேஜ் பொண்ணு வியாழக்கெழமையானா வாசப்படியில ஒக்காந்து தனியா பேசிட்டுப் போவுது. எங்களுக்குக் கேக்க பயம்."

பூட்டில் துரு ஏறியிருந்தது. தெருவெல்லாம் செம்மண் தூசி. அந்தப் படியில் மட்டும் இல்லை.

ரஞ்சிதம் ஜூடித்தைக் கூப்பிட்டு எங்கே உட்கார்ந்து பேசினாய் என்று கேட்டாள்.

"உள்ளேதான் மிஸ். பாய் போட்டாங்க. ஏன் மிஸ்?"

அந்த முகத்தில் பொய் இல்லை. ரிப்போர்ட்டுகளைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுகூட ரஞ்சிதத்துக்குத் தோன்றியது. ஆனால் ஒரு தாய் பிள்ளையைக் கேட்டிருக்கிறாள். அதைத் தேடாமல் விடச் சொல்லி ரஞ்சிதம் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை.

நகரத்து இல்லங்களில் ஏறி இறங்கினாள். மூன்றாவது இல்லத்தில் சிஸ்டர் பிரிஜெட் இருந்தார். பதிவேட்டில் சரளா இருந்தாள்: ஊர் மர்பி டவுன், தாய் இறந்துவிட்டார், உறவினர் இல்லை.

"இந்தப் பிள்ளை இங்கே இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்றார் சிஸ்டர்.

"அதோட அம்மா" என்று ரஞ்சிதம் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்பாவுக்குக் கடிதம் எழுதினாள். அவர் சுரங்கத்தில் விசாரித்து முனியப்பனைக் கண்டுபிடித்தார். அக்காவும் பிள்ளையும் ஒரே வாரத்தில் வைசூரியில் போய்விட்டதாக அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அடுத்த ரயிலிலேயே வந்தான். முன்பின் பார்த்திராத மாமனின் விரலைச் சரளா ஒன்றும் கேட்காமல் பிடித்துக்கொண்டாள். குழந்தை கொஞ்சமாவது தயங்கியிருந்தால் ரஞ்சிதத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வார வியாழக்கிழமை ஜூடித்தோடு ரஞ்சிதமும் மர்பி டவுனுக்குப் போனாள். வாசலில் ஜூடித் நின்றுவிட்டாள். பூட்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவள் போலப் பார்த்தாள்.

"வீடு மாத்திட்டாங்களா மிஸ்?"

"ஆமா" என்றாள் ரஞ்சிதம்.

ஜூடித் நல்ல மார்க்கோடு தேறி ஹூப்ளிக்கு வேலைக்குப் போனாள். அவளிடம் சொன்ன அந்தப் பொய்யை ரஞ்சிதம் கடைசிவரை திருத்தவில்லை.