வசந்தா பார்த்து வாங்கிய பாட்டரி

வசந்தா போய்விட்ட செய்தி தொலைபேசியில் வந்தது. அடையாறில் அவள் பக்கத்து வீட்டுக்காரர் பேசினார். போனை எடுத்தது என் கணவர். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “நம்ம வசந்தா தூக்கத்துலயே போயிட்டாளாம்” என்றார். உன் சிநேகிதி என்றோ, உன் காலேஜ் வசந்தா என்றோ சொல்லவில்லை. நம்ம வசந்தா. அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு அந்த ‘நம்ம’தான் சுருக்கென்றது.

நம் கல்லூரி மலருக்கு அவளைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று எல்லோரும் சொன்னீர்கள். ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த நாற்காலியில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவள் சரித்திரம், நான் ரசாயனம். அவளுடைய அன்பையும் பண்பையும் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் காரைப் பற்றி எழுதுகிறேன். என் கணவர் கல்லூரி மலரைப் படிப்பதில்லை என்பதால் தைரியமாகவே எழுதலாம்.

அந்தச் சாம்பல் நிறக் காரை உங்களுக்கெல்லாம் தெரியும். கல்லூரியில் தன் காரைத் தானே ஓட்டி வந்தவள் அவள் ஒருத்திதான். ஒருநாள் என்னை வீட்டில் விடுவதாக ஏற்றிக்கொண்டாள். லஸ் முனையில் கார் நின்றுவிட்டது. நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவள் இறங்கி, எதிர் ஹோட்டலில் ஒரு செம்பு வெந்நீர் வாங்கி வந்தாள். பானெட்டைத் திறந்து, பாட்டரி முனைகளில் பூத்திருந்த உப்பின் மேல் ஊற்றித் துடைத்து, ஒயரைத் திருகி மாட்டினாள். வேடிக்கை பார்த்த கும்பலிடம் செம்பைக் கொடுத்து, “ஹோட்டல்ல குடுத்துடுங்கோ” என்றாள். கார் கிளம்பிவிட்டது. அந்த உப்பு என்ன உப்பு, எதனால் பூக்கிறது என்று கரும்பலகை நிறைய எழுதுகிறவள் நான். என் கை ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. அவள் புடவைகளில் ஆசிட் தெறித்துச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அந்த ஓட்டைகளைப் பார்த்தால்கூட எனக்குப் பொறாமையாக இருக்கும்.

எங்கள் வீட்டிலும் கார் இருக்கிறது. அதை ஓட்டுவதும் கழுவுவதும் அதோடு சண்டை போடுவதும் அவர்தான். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மாதமாகக் காலையில் செல்ஃப் எடுக்காமல், அபிராமபுரத்தில் எங்கள் தெருவே தள்ளிக்கொண்டிருந்தது. புது பாட்டரி வாங்குவதென்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம், மறுநாள் அஷ்டமி. ஆகவே பத்தரைக்குள் வாங்கி, மாட்டி, கிளப்பிவிட வேண்டும் என்றார். காலையில் காபி கொடுக்கும்போது நான் சொன்னேன்: “ஆசிட் ஊத்தினா முழுசா சார்ஜ் ஏறணும். நல்ல நேரத்துல அட்வான்ஸைக் குடுத்துடுங்கோ. ஞாயித்துக்கிழமை எடுத்துண்டு வரலாம்.” அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “நோக்கு எதுக்கு இதெல்லாம்? வசந்தாவை வரச் சொல்லியிருக்கேன்” என்றார்.

மூன்று பேருமாகத் தேனாம்பேட்டை பாட்டரிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் கையை விரித்தார். “இப்பத்தான் ஆசிட் ஊத்திக்கீது சார். சார்ஜ் ஏறாம எட்த்துக்கினு போனா ரெண்டே மாசத்துல படுத்துக்கும். அப்பால என்னிய கேக்காதீங்க.” இவர் கடிகாரத்தைப் பார்த்துத் தவித்தார். வசந்தா அதற்குள் இரண்டு பாட்டரிகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் பிளஸ் இருக்கிறது, எங்கள் காரின் ஒயர் எட்டுமா என்று சாண் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எத்தனை வருஷம் உழைக்கும்னு கேக்காதேள். எப்போ பண்ணினதுன்னு கேளுங்கோ” என்பது அவள் வழக்கமாகச் சொல்வது. அன்றும் சொன்னாள். பிறகு நிமிர்ந்து, “ஏன் அவசரப்படறேள்? அட்வான்ஸை இப்பவே குடுத்துடுங்கோ. நல்ல நேரத்துல வாங்கினதா ஆயிடும். அது பாட்டுக்கு சார்ஜ் ஏறட்டும், ஞாயித்துக்கிழமை மாட்டிக்கலாம்” என்றாள்.

“பேஷ், பேஷ். நமக்குத் தோணலை பாரு” என்றார் இவர், என்னைப் பார்த்து.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வசந்தா என் முகத்தைப் பார்த்தாள். எப்படித்தான் புரிந்துகொண்டாளோ, அவரிடம், “ஆத்துலயே கெமிஸ்ட்ரி இருக்கே, அவளைக் கேட்டேளோ?” என்றாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவள் கர்வியாக இருந்திருந்தால் நான் நிம்மதியாக வெறுத்திருப்பேன். நல்லவளாக இருந்து தொலைத்தாள். எனக்காக அவள் பரிந்து பேச வேண்டியிருந்ததே, அதை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. நான் கேட்டது பெரிய விஷயமில்லை. ஒரே ஒரு தடவை, ‘நீ என்ன நினைக்கறே’ என்று அவர் என்னைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

வசந்தாவின் காரியங்களெல்லாம் முடிந்த மறு வாரம் அந்த பாட்டரியும் உயிரை விட்டது. இவர் திறந்த பானெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். “வசந்தா இருந்தா ஒரு வார்த்தை கேக்கலாம்” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மறுநாள் கல்லூரி விட்டதும் தனியாக பஸ் ஏறித் தேனாம்பேட்டைக்குப் போனேன்.

“இன்னாம்மா, நீங்க மட்டும் வந்துக்கீறீங்க, அந்தம்மா வர்லியா?” என்றார் கடைக்காரர். சொன்னேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்குச் சோடா வரவழைத்தார். நான் எப்போது செய்தது என்று கேட்டேன். தூக்கிப் பார்த்தேன். பிளஸ் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். முழுசாக சார்ஜ் ஏறிய பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்றேன். புடவையில் ஓரிடத்தில் ஆசிட் பட்டது. துடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாட்டரியை மாட்டி இவர் சாவியைத் திருகினார். தொட்டவுடன் கிளம்பியது. எஞ்சினை அணைக்காமலே வெளியே தலையை நீட்டி, முகமெல்லாம் சிரிப்பாக, “அசத்திட்டே போ. அப்படியே வசந்தா பாத்து வாங்கின மாதிரி இருக்கு” என்றார்.

அன்றைக்கெல்லாம் நான் அவரோடு பேசவில்லை. என்ன கோபம் என்று அவருக்கு இன்னும் தெரியாது. வசந்தாவுக்கானால் உடனே தெரிந்திருக்கும். அவளுக்காக அழுதவர்கள் மெல்ல மெல்ல மறந்துபோவார்கள், அது இயற்கை. என்னிடம் மிஞ்சியிருப்பது அவள்மேல் எனக்குள்ள பொறாமை. காரில் ஏறி உட்காரும்போதெல்லாம் அது புதிதாகக் கிளம்புகிறது. இது இருக்கிறவரை அவளை நான் மறக்கப்போவதில்லை.