இன்ட்ராநெட்டில் ஏறிய வைக்கோல்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு என் போனில் ஒரு போட்டோ வந்து விழுந்தது. சிவப்பு டைல்ஸ், நடுவில் வெள்ளைப் பூ. எங்கள் கம்பெனிச் சரக்குதான். ஆனால் பூவின் மேல் குறுக்கும் நெடுக்குமாக மஞ்சள் கோடுகள். டிகாஷனைக் கொட்டிவிட்டுத் துடைக்காமல் விட்டதுபோல...

போட்டோவைப் பெரிதுபண்ணிப் பார்ப்பதற்குள் போன் அடித்தது. கோயம்புத்தூரில் வீடு கட்டுகிற கஸ்டமர்.

"மேடம், பன்னெண்டு நாள்ல கிரகப்பிரவேசமுங்க. பத்திரிகை கொடுத்தாச்சுங்க. இதை எப்படிங்க ஹால்ல போடறது? துடைச்சாலும் போகலீங்க!"

இத்தனை 'ங்க' போட்டு ஒருவர் திட்டினால் கூடுதலாக வலிக்கிறது. அனுபவித்தவள் சொல்கிறேன்.

காரைக்குடியில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் நான் அட்மின் மேனேஜராகக் குப்பை கொட்டுவது உங்களுக்குத் தெரியும். டைல்ஸ் தயாராவது ஆத்தங்குடியில். அடுக்கி லாரியில் ஏற்றுகிற கோடவுன் மானகிரியில். திட்டு வாங்குவது மட்டும் காரைக்குடி ஆபீஸில், என் மேஜையில்.

கோடவுனுக்குப் போன் போட்டேன். லோடுமேன்களுக்குத் தலைவர் மாதிரி இருக்கும் கருப்பையா எடுத்தார்.

"கோயம்புத்தூர் லோடை எப்படிண்ணே அடுக்குனீக?"

"வைக்கோல் வச்சுத்தான் மேடம்."

"வைக்கோலா? அட்டைப்பெட்டி என்னாச்சு?"

"பெட்டியெல்லாம் அங்குட்டு அப்படியே கெடக்கு. பெரியவர்தான வைக்கோல் வைக்கச் சொல்லிருக்காக?"

பெரியவர் என்றால் கம்பெனியை ஆரம்பித்தவர், இப்போதைய முதலாளியின் அப்பா. அவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது!

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. வழக்கமாக லோடு அனுப்புகிறவர், மகளுக்குக் காதுகுத்து என்று லீவு. அவருக்குப் பதிலாக ஆபீஸிலிருந்து கவிதாவை அனுப்பியிருந்தோம். கவிதாவுக்கு முப்பத்தைந்து வயது. பிள்ளைகள் வளரட்டும் என்று பத்து வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, எங்களிடம் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அடுத்த மாதம் வேலை நிரந்தரமாக வேண்டும். கோடவுனுக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை.

லோடு எப்படி ஏற்றுவது என்று தெரியாத கவிதா என்ன செய்தார்? கம்பெனியின் இன்ட்ராநெட்டைத் திறந்து, 'லோடிங்' என்று தேடினார். வந்ததைப் படித்தார். படித்தபடியே செய்தார். வைக்கோல் கிடைக்காமல் மானகிரியில் இரண்டு வீடு ஏறி இறங்கிக் கேட்டு வாங்கியிருக்கிறார்... பாவம்.

லாரி திண்டுக்கல் தாண்டியதும் மழை. தார்ப்பாயில் ஓட்டை. நனைந்த வைக்கோலின் சாயம் டைல்ஸில் இறங்கிவிட்டது. எங்கள் டைல்ஸ் சிமெண்டில் செய்வது. ஈரத்தைக் குடிக்கும், கறையையும் சேர்த்துக் குடிக்கும். அதனால்தானே அட்டைப்பெட்டிக்கே மாறினோம்!

இந்த இன்ட்ராநெட் கதையைச் சொல்லியாக வேண்டும். ஒன்றுமில்லை, கம்பெனிக்குள் இருப்பவர்கள் மட்டும் பார்க்கிற வெப்சைட். லீவு விதிகள், லோடிங் முறை, யாருக்கு என்ன போன் நம்பர் - எல்லாம் ஒரே இடத்தில். 'மூணு ஊர்ல ஆபீஸ், மூணு ஊர்லயும் மூணு பேச்சு, இது சரிப்படாது' என்று முதலாளியிடம் நச்சரித்து இதைக் கொண்டுவந்தவள் வேறு யார்? நானேதான்.

இரண்டு மாதம் திட்டம் போட்டோம். முதல் பக்கம் என்ன கலர்? பட்டன் சதுரமா, டைல்ஸ் பூ டிசைனா? பெரியவர் படத்தில் மாலை போட்டதை வைக்கலாமா, போடாததை வைக்கலாமா? இந்த மாலை விஷயத்துக்கு மட்டும் இரண்டு மீட்டிங்.

சென்னையிலிருந்து வந்த சாப்ட்வேர் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "புதுசு போடறதுக்கு எல்லாரும் ஆர்வமா இருக்கீங்க. பழசை யார் எடுப்பாங்க?"

அந்த நேரம் பார்த்து காபி வந்தது. காபி குடித்தோம். அந்தக் கேள்வியை அப்புறம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தேங்காய் உடைத்து, மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, இன்ட்ராநெட்டைத் தொடங்கினோம். 'இனி எதுவானாலும் இன்ட்ராநெட்டைப் பாருங்கள். யாரிடமும் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்' என்று எல்லோருக்கும் மெயில் அனுப்பினேன். அதையே இன்ட்ராநெட்டின் முதல் பக்கத்திலும் ஏற்றினேன். என்ன கம்பீரமான மெயில்!

யார் பார்த்தார்கள்? ஒருவரும் பார்க்கவில்லை. நான் அதில் போடுவதை நானே போட்டோ பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன். அதற்கு நாலு பேர் கும்பிடு போடுவார்கள். அத்தோடு முடிந்தது. லீவு எத்தனை நாள் என்று இன்னமும் என் அறைக் கதவைத் தட்டித்தான் கேட்கிறார்கள். 'இன்ட்ராநெட்ல இருக்கேப்பா' என்றால், 'இருக்கட்டும் மேடம், நீங்க சொல்லுங்க' என்கிறார்கள். என்ன செய்ய?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நானும் 'லோடிங்' என்று தேடிப் பார்த்தேன். முதலில் வந்தது, வைக்கோல் வைத்து அடுக்கச் சொல்லிப் பெரியவர் கைப்பட எழுதிய சுற்றறிக்கை. மேலே பிள்ளையார் சுழி, கீழே கையெழுத்து. பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'முக்கியம்'. நான் விழுந்து விழுந்து டைப் செய்த அட்டைப்பெட்டி முறை? நாலாவதாக, ஒரு ஓரத்தில்!

"நாகப்பண்ணே, இதை யாரு மேல தூக்கி வச்சது?"

நாகப்பன் அண்ணன் எங்கள் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். பழைய தாள்களை ஸ்கேன் செய்து ஏற்றியது அவர்தான்.

"நான்தான் மேடம். பெரியவர் எழுதுனதைக் கீழ போடலாமா?"

"அது பழசுண்ணே. மாறிப்போச்சு. அழிச்சிருக்கணும்ல?"

"பெரியவர் கையெழுத்தை அழிக்கிறதா? என்ன மேடம் இப்புடிப் பேசுறீக?"

உண்மையிலேயே அவர் முகம் வாடிவிட்டது. எனக்குக் கோபம் வந்த வேகத்தில் மேஜையில் தட்டினேன். கை வலித்ததுதான் மிச்சம்.

அவரை மட்டும் சொல்லி என்ன? முருகன் படம் போட்ட காலண்டர் எத்தனை வீட்டில் வருஷம் முடிந்தும் தொங்குகிறது? தேதி செல்லாது என்று தெரியும். சாமியை எப்படிக் கழற்றுவது என்று அதன் பக்கத்திலேயே புதுக் காலண்டருக்கு இன்னொரு ஆணி அடிப்போம். எங்கள் இன்ட்ராநெட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது. ஒரே லோடிங்குக்கு நாலு சுற்றறிக்கை, லீவுக்கு ஐந்து, எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆணி.

கருப்பையாவை மறுபடி கூப்பிட்டேன். "ஏண்ணே, இத்தனை வருசமாப் பெட்டியிலதான அடுக்குறீக? நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எங்களுக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு மேடம். ஆனா அந்தப் புள்ள செல்போன்ல பெரியவர் கையெழுத்தைக் காட்டுச்சு. அதுக்கு மேல நாங்க என்னத்தப் பேச?"

நல்லவேளை, அதே பூ டிசைன் வேறொரு ஆர்டருக்காக ஆத்தங்குடியில் தயாராக இருந்தது. அதைப் பெட்டியில் அடுக்கி, அன்று சாயங்காலமே ஏற்றிவிட்டோம். கோயம்புத்தூரில் இப்போது தரை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கஸ்டமர் மட்டும் இன்னும் அத்தனை 'ங்க' போட்டுத்தான் பேசுகிறார்.

ஆனால் கவிதா?

சனிக்கிழமை முதலாளி அறையில் மீட்டிங். முதலாளி, நாகப்பன் அண்ணன், நான். கவிதாவையும் வரச் சொல்லியிருந்தோம், உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை.

"சொந்த புத்தி வேணாமா? வேற ஆளைப் பாருங்க மேடம்" என்றார் முதலாளி.

கவிதா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நான் என்ன மேடம் தப்புப் பண்ணேன்? எதுவானாலும் இன்ட்ராநெட்டைப் பாரு, யாருகிட்டயும் கேக்காதேன்னு நீங்கதான மெயில் போட்டீக? பாத்தேன். முதல்ல வந்ததைத்தான செய்வாக? முக்கியம்னு வேற போட்டிருந்துச்சு."

அன்று காலைதான், யார் யார் இன்ட்ராநெட்டைத் திறக்கிறார்கள் என்று பார்த்திருந்தேன். அந்த மாதம் மூன்று பெயர். ஒன்று நான். இன்னொன்று பிறந்தநாள் வாழ்த்து ஏற்றுகிற நாகப்பன் அண்ணன். மூன்றாவது, தினமும் காலை ஒன்பது மணிக்கு - கவிதா. நான் பாடுபட்டுக் கட்டியதை நம்பிப் படித்த ஒரே ஜீவனை வேலையை விட்டு அனுப்புவதற்கு நான் உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"சார், இவுகளை அனுப்புறதா இருந்தா முதல்ல என்னை அனுப்புங்க" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

முதலாளி, "அப்பா எழுதுன அந்தத் தாளை எடுத்துட்டு வாங்க" என்றார்.

நாகப்பன் அண்ணன் சாமி படத்துக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறை போட்ட தாளை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். உறைக்கு மேலே விபூதி வேறு. முதலாளி படித்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் தந்தார். நான் படித்தேன். அதே வைக்கோல். கவிதாவிடம் நீட்டினேன்.

கவிதா என்ன செய்தார் தெரியுமா? திருப்பிப் பார்த்தார். அவ்வளவுதான். எங்கள் மூவருக்கும் தோன்றாத காரியம்.

"மேடம்... பின்னாடி ஏதோ எழுதிருக்கு."

கையெழுத்துக்குக் கீழே இடம் போதாமல் பெரியவர் பின்பக்கத்தில் ஒரு பின்குறிப்பு எழுதியிருக்கிறார். நாகப்பன் அண்ணன் முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்திருக்கிறார். கவிதா சத்தமாகப் படித்தார்.

"'இந்த ஏற்பாடு அட்டைப்பெட்டி வந்து சேரும் வரைதான். வைக்கோல் நனைந்தால் கறை பிடிக்கும். பெட்டி வந்ததும் இந்தத் தாளைக் கிழித்துப் போடவும்.'"

கிழித்துப் போடச் சொன்ன தாளுக்கு இத்தனை வருஷமாக விபூதி பூசி வந்திருக்கிறோம்! சிரிப்பதா, அழுவதா? முதலாளிதான் முதலில் சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. "எங்க அப்பா நேர்ல பேசுற மாதிரியேதான் இருக்கு" என்றார்.

தாளை யாரும் கிழிக்கவில்லை. அது மறுபடி பெட்டிக்கே போய்விட்டது. இருக்கட்டும், தாள் பெட்டிக்குள் இருந்தால் யாருடைய டைல்ஸும் கறைபடாது. இன்ட்ராநெட்டிலிருந்து எடுக்க வேண்டுமே? கம்ப்யூட்டர் முன்னால் நாலு பேரும் கூடினோம். 'நிரந்தரமாக நீக்கவா?' என்று கேட்டது. நாகப்பன் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். முதலாளி ஜன்னலைப் பார்த்தார். நான் மௌஸைத் தொட்டேன், அழுத்தக் கை வரவில்லை. இத்தனை கத்தினேனே, என் லட்சணமும் அதுதான்!

"தள்ளுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுக் கவிதா அழுத்தினார். 'ஆம்.'

அன்று சாயங்காலமே, முதலாளி சொல்லி, கவிதாவின் வேலை நிரந்தரக் கடிதத்தை டைப் செய்தேன். ஒரு மாதம் முன்னதாகவே. கூடவே புது வேலையும்: இன்ட்ராநெட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே யார் பொறுப்பு, எந்தத் தேதி வரை செல்லும் என்று எழுத வேண்டும். தேதி தாண்டியதை எடுத்துவிட வேண்டும், யார் கையெழுத்து இருந்தாலும். என்னுடையது உட்பட. திங்கட்கிழமை காலை முதலில் காணாமல் போனது என்னுடைய அந்தக் கம்பீரமான மெயில்.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டுச் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். சுவரில் முருகன் சிரிக்கிறார், மூன்று வருஷத்துக்கு முந்தைய காலண்டரில்.

ஞாயிற்றுக்கிழமை கவிதாவை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்!