ஓலை வாசிக்காத ஞாயிறு

போன திங்கட்கிழமை சாயங்காலம் ஆவடி ஸ்டேஷனில் மின்சார ரயிலை விட்டு இறங்கினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. படிக்கட்டு ஓரமாக லூர்து நனைந்துகொண்டு நின்றாள்.

லூர்து எங்கள் பங்குக் கோயில்காரி. அம்பத்தூரில் கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் வேலை. அவள் மகள் ஜெயசீலி ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் என்னிடம் படித்தவள். அந்த ஜெயசீலிக்குத்தான் அதற்கு அடுத்த வாரம் புதன்கிழமை கல்யாணம். பூந்தமல்லி மாப்பிள்ளை. மண்டபம் பிடித்து, பத்திரிகையும் கொடுத்தாகிவிட்டது.

"டீச்சரம்மா... நேத்து கோயில்ல எம் பொண்ணு ஓலைய சாமி படிக்கல."

இறங்கிய பிறகும் ரயில் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஓலை தெரியாதவர்களுக்கு: எங்கள் கல்யாணங்கள் கோயிலில் மூன்று ஞாயிறுகள் அறிவிக்கப்படும். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் வாசிப்பார். பெண் ஊரிலும் வாசிக்க வேண்டும், மாப்பிள்ளை ஊரிலும் வாசிக்க வேண்டும். முதல் ஓலை இரண்டு ஊரிலும் ஆயிற்று. இரண்டாவது பூந்தமல்லியில் மட்டும் வாசித்திருக்கிறார்கள். ஆவடியில் இல்லை. ஓலை நின்றால் ஊர் என்ன நினைக்கும்? தடை இருக்கிறது என்றுதானே?

"சம்பந்தி ஆள் அனுப்சிட்டாரு. 'பொண்ணு ஊட்ல இன்னா பிரச்சினை'ன்னு கேக்கறாரு. நான் இன்னான்னு சொல்றது?"

"சாமியார் ஏன் வாசிக்கலையாம்?"

லூர்து என்னை நேராகப் பார்த்தாள். "நீங்க எய்தனதாலதான்." நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியைச் சொன்னாள்.

முந்தின நாள் அந்த நேரத்தில் நான் பூந்தமல்லியில் ஒரு கூட்டத்தில் ரோமாபுரியைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தேன். கை தட்டினார்கள்.

பழைய வாசகர்களுக்கு என் பிழைப்பு தெரியும். பகலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பம்பு கம்பெனியில் டைப்பிஸ்ட். மற்ற நேரம் முழுக்க முதல் மூன்று நூற்றாண்டுக் கிறிஸ்தவர்களோடு குடித்தனம். ரோமாபுரியை நான் பார்த்ததில்லை. மேற்கே நான் போன கடைசி ஊர் அரக்கோணம். இரவல் வாங்கிய தடிப் புத்தகங்கள்தான் என் கப்பல்.

மறைக்கல்வி வகுப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ரோமாபுரிக் கிறிஸ்தவர்கள் கூடிய நிலத்தடிக் கல்லறைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெயசீலி கை தூக்கினாள். "டீச்சர், அங்க கரண்ட் இல்லன்னா அவங்களுக்கு பயமா இருக்காதா?" அந்தப் பயத்தைத்தான் நான் எழுத ஆரம்பித்தேன். விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளின் வீரத்தை எழுத நிறையப் பேர் இருந்தார்கள். முதல் நாள் அவர்களுக்கு வயிறு கலங்கியதை எழுத ஆள் இல்லை. முதலில் பங்குக் கோயில் மலரில் எழுதினேன், பிறகு ஞானவொடுக்கம் என்னும் தியான நாட்களில் உரைகள், பிறகு இந்தப் பத்தி. ரயிலில் 'ரோமாபுரியம்மா' என்று கூப்பிட்டு ஜன்னலோர இடம் தருகிறார்கள். பெருமையாகத்தான் இருந்தது... திங்கட்கிழமை வரைக்கும்.

சில வாரங்களுக்கு முன் இதே இடத்தில் எழுதியிருந்தேன், நினைவிருக்கிறதா? ஆதிக் கிறிஸ்தவர்களுக்குக் கோபுரம் இல்லை, மணி இல்லை. யாரோ ஒருவருடைய வீடு. வேலை முடிந்து வந்தவர்களின் வியர்வை, ஒரு விளக்கு, கொஞ்சம் ரொட்டி. அதைப் பிட்டுப் பகிர்ந்தார்கள். அடிமை பிட்ட துண்டு எஜமானியின் கையில். வழக்கம்போல ஒரு கேள்வியில் முடித்திருந்தேன் — நம் ஆவடி வீடு ஒன்றில், ஒரு சாயங்காலம், நாமும் அப்படி உட்கார்ந்து பார்த்தால் என்ன?

பத்தி எழுதுகிறவர்கள் பதில் வேண்டியா கேள்வி கேட்கிறோம்? பத்தியை முடிக்க வேண்டும், அதற்காகக் கேட்கிறோம்.

லூர்து உட்கார்ந்து பார்த்துவிட்டாள்.

அவள் தெருவில் மாதம் ஒரு வீட்டில் அன்பியக் கூட்டம் நடக்கும். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபமாலை சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுக் கலைவார்கள். இந்த மாதம் லூர்து வீடு. ஜெபமாலை முடிந்ததும் பேக்கரி பன்னைத் தட்டில் வைத்து, என் பத்தியை வாசித்து, ஏதோ ஜெபம் சொல்லி, பிட்டு எல்லோருக்கும் கொடுத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக் காமாட்சிக்கும்தான். மாங்காட்டுப் பெண், அம்மன் கோயிலுக்குத் தவறாமல் போகிறவள். மறுநாள் குழாயடியில் அவள் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள்: "லூர்துக்கா ஊட்ல பூசை வெச்சாங்க. எனுக்கும் குட்த்தாங்க!"

எங்கள் பேச்சில் பூசை என்றால் திருப்பலி. குருவானவர் மட்டுமே செய்யக்கூடியது. குழாயடியிலிருந்து சாமியார் அறைக்கு எவ்வளவு தூரம்? அந்த ரோமாபுரியிலும் இப்படித்தான். உள்ளே ரொட்டி பிட்டார்கள். வெளியே, குழந்தையைத் தின்கிறார்கள் என்று பேசினார்கள். இதையும் நானே எழுதியிருக்கிறேன். வதந்தி எழுதுவதற்கு ருசியான விஷயம். அது நம் தெருவுக்கே வந்து நின்றால் எச்சில் விழுங்க முடிவதில்லை.

"எய்தனவங்கள இட்டுகினு வான்னு சாமி சொல்லிட்டாரு" என்றாள் லூர்து.

எனக்கு வேறொரு பயமும் இருந்தது. என் பத்திகளைத் தொகுத்த புத்தகம் பிஷப்பின் ஆயர் இல்லத்தில் அனுமதிக்காகக் காத்திருக்கிறது. அந்த அனுமதி வரி முதல் பக்கத்தில் இல்லாவிட்டால் மடங்களில் வாங்க மாட்டார்கள், திருவிழாக் கடைகளில் அடுக்க மாட்டார்கள். இந்தச் சாமியாரிடமும் அபிப்பிராயம் கேட்டிருக்கிறார்கள்.

மறுநாள் கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டே ஒரு வாக்கியம் தயார் செய்தேன். 'நான் வரலாறு எழுதினேன், வழிபாடு நடத்தச் சொல்லவில்லை.' உண்மையான வாக்கியம். ஓட்டை இல்லாத வாக்கியம். அதற்குள் நான் நுழைந்துகொள்ளலாம். லூர்து நுழைய இடமில்லை.

செவ்வாய் சாயங்காலம் சாமியார் அறை. மின்விசிறி கடகடத்தது. லூர்து நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"டீச்சர், இவங்களை இப்படிச் செய்யச் சொன்னீங்களா?"

வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. லூர்து முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னேன் ஃபாதர். கேள்வி மாதிரிச் சொன்னேன். ஆனா சொன்னேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உங்க புத்தகத்தைப் பத்தி என்கிட்ட கேட்டிருக்காங்க. தெரியும்ல?"

"தெரியும்."

"சரி. லூர்தம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். பிட்டப்ப என்ன ஜெபம் சொன்னீங்க? பூசையில நான் சொல்ற வார்த்தையச் சொன்னீங்களா?"

அதுதான் விஷயமே. அந்த வார்த்தைகளை அவள் சொல்லியிருந்தால் இது குழாயடிப் பேச்சோடு நிற்காது. ஓலை இங்கே முடிவாகாது... ஆயர் இல்லம் போகும். புதன்கிழமைக் கல்யாணத்துக்காக அங்கே யார் அவசரப்படப் போகிறார்கள்?

லூர்துவின் விரலில் முந்தானை இன்னொரு சுற்று ஏறியது.

"சொல்லு லூர்து" என்றேன்.

"வெக்கமா கீது டீச்சரம்மா."

"கோயில்ல வெக்கம் என்ன? சொல்லுங்க" என்றார் சாமியார்.

அவள் தரையைப் பார்த்தே சொன்னாள். "ஆள் ஜாஸ்தியா வந்துட்டாங்க சாமி. பன்னு கம்மியா கீது. அதான்... 'ஆண்டவரே, இருக்கறத பிச்சிக் குடுக்கறேன், யாரும் மூஞ்ச தூக்காம பாத்துக்கோ'ன்னேன். அவ்ளோதான்."

சாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் லேசாகக் குலுங்கியது. கோபமா? இருமலா? எனக்குத் தெரியவில்லை. திரும்பியபோது முகம் பழையபடி கடுமையாக இருந்தது.

"பத்துச்சா?"

"மீந்துச்சு சாமி. ஒண்ண காமாச்சி அவ புள்ளைக்கு எத்துனு போனா."

"ம்... போங்க. ஞாயித்துக்கிழமை பாக்கலாம்."

பார்க்கலாம்! பெரியவர்கள் அகராதியில் இதைவிடக் கொடுமையான சொல் உண்டா? புதன், வியாழன், வெள்ளி, சனி. சம்பந்தி வீட்டிலிருந்து இரண்டு முறை ஆள் வந்து போனார். லூர்து கம்பெனிக்கு லீவு போட்டாள். நான் டைப் அடித்த கடிதங்களில் பம்பு எல்லாம் பிழையாகப் பாய்ந்தது.

ஞாயிறு. பூசை முடிந்து அறிவிப்புகள். கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்ய ஆட்கள் தேவை. கோயில் வாசலை மறித்து சைக்கிள் நிறுத்தாதீர்கள். பாடகர் குழு மாலையில் வரவும். சாமியார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். முன் வரிசையில் லூர்துவின் முக்காடு அசையவே இல்லை.

"திருமண அறிவிப்பு. இரண்டாம் ஓலையும் மூன்றாம் ஓலையும் சேர்த்து வாசிக்கப்படுகிறது..."

ஜெயசீலியின் பெயர் ஒலிபெருக்கியில் வந்து, கூரையில் பட்டு, எங்கள் தலைமேல் இறங்கியது. "தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்" என்ற பின் ஒரு மௌனம் விடுவார்கள். எல்லா ஞாயிறும் விடுவதுதான். அன்று அது ஆவடியிலிருந்து அரக்கோணம் வரை நீண்டது. யாரோ இருமினார்கள். அவ்வளவுதான். லூர்து திரும்பி என்னைத் தேடினாள். கண்டதும் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியாக ஒன்று சேர்த்தார் சாமியார்: "அன்பியக் கூட்டங்களில் இனி டீயும் பிஸ்கட்டும் போதும்."

வாசலில் லூர்து என் கையைப் பிடித்தாள். "டீச்சரம்மா, பிஸ்கட்டு பத்தலன்னா ஒடச்சிக் குடுக்கலாமா?"

"என்னைக் கேக்காதே தாயே!"

நீங்கள் இதைப் படிக்கும்போது ஜெயசீலி பூந்தமல்லி மருமகளாகியிருப்பாள். என் புத்தகத்துக்கு அனுமதி இன்னும் வரவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது — முதல் நாள் ரோமாபுரிக்காரர்களைப் போல. அந்த வயிற்றைப் பற்றி நான் எழுதியதெல்லாம் கொஞ்சம் குறைவுதான் என்று இப்போது தெரிகிறது.

வழக்கமாக இந்த இடத்தில் உங்களை ஒரு கேள்வி கேட்பேன். இந்த வாரம் வேண்டாம். பேக்கரி எல்லா ஊரிலும் இருக்கிறது.