நான் பேசிய நாற்பத்தைந்து நிமிடம்

போன செவ்வாய்க்கிழமை போடி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் என்னை நிறுத்தினார்.

"சார், என்னையத் தெரியுதா? அன்னைக்கு எங்க ட்ரெய்னிங்ல நீங்கதான பேசுனீங்க."

தெரியவில்லை. ஆனால் 'நீங்கள் பேசினீர்கள்' என்று யாராவது சொன்னால் என் கால் தானாக நின்றுவிடும். பேச்சாளர்களின் வியாதி அது. "எப்படிம்மா இருந்துச்சு?" என்று வேறு கேட்டு வைத்தேன். கேட்டிருக்கக் கூடாது...

பெயர் செல்வி. குரங்கணிக்கு மேலே, ஏலத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ்.

அந்த ட்ரெய்னிங் ஆறு மாதத்துக்கு முன்னால் போடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்காவிட்டால் என்ன செய்வது? பிள்ளை மூச்சு விடாவிட்டால்? பழகிப் பார்க்க, பெண்ணின் வயிறும் இடுப்பும் போலச் செய்த ஒரே ஒரு பொம்மை வந்திருந்தது. ஒவ்வொரு நர்ஸும் அதில் கை வைத்துப் பழக வேண்டும் — அதற்குத்தான் அத்தனை பேரையும் மலையிலிருந்து இறக்கியிருந்தார்கள்.

அங்கே எனக்கு என்ன வேலை? நான் சிறப்பு விருந்தினர். பயிற்சி என்று பெயர் வைத்துவிட்டு நாம் நடத்துவது விழாதானே?

பத்து மணி என்று அழைப்பிதழ். விளக்கேற்ற வேண்டிய அதிகாரி பதினொன்றரைக்கு வந்தார். சால்வை, அடுத்த சால்வை, போட்டோ சரியாக விழவில்லை என்று அதே சால்வை இன்னொரு தடவை... பிறகு நான். பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நாற்பத்தைந்து நிமிடம் பேசினேன். தலைப்பு, தாய்மையின் மகத்துவம். என் மூன்று பிள்ளைகள் பிறந்தபோதும் ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துக்கொண்டு நின்றவன், பிரசவம் பார்க்கிறவர்களுக்குத் தாய்மையைப் பற்றிப் பாடம் எடுத்தேன். கைதட்டினார்கள். பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நான் போன பிறகு நடந்ததை இப்போது செல்வி சொல்லித்தான் கேட்கிறேன்.

"சாப்பாடு முடியவே ரெண்டரை ஆயிருச்சு சார். டாக்டரம்மா படம் போட்டு நல்லா வெளக்கமாத்தான் சொன்னாங்க. அப்புறந்தான் பொம்மையை எடுத்து வச்சாங்க. வரிசையில எனக்கு முன்னாடி ஒம்போது பேரு. நாலு மணி ஜீப்பை விட்டா மலைக்கு வேற வண்டி கெடையாது. கையெழுத்தப் போட்டு, சர்டிபிகேட்டை வாங்கிட்டு ஓடிட்டேன். மலைக்காரங்க ஒருத்தரும் பொம்மையைத் தொடல."

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறவர்கள் பழகிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியே எட்டாத இடத்தில் இருக்கிறவர்கள் ஜீப்பைப் பிடித்தார்கள்.

போன மாதம் முத்துப்பேச்சி என்று ஒரு பெண். ஏலக்காய் எடுக்கப் போகிறவள். வலி வந்து கீழே கொண்டுவரும் வழியில், ஜீப்பிலேயே பிரசவம் ஆகிவிட்டது. பெண் குழந்தை, நல்ல அழுகை. நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது. ரத்தம் மட்டும் நிற்கவில்லை.

கூட வந்த செல்வி ஊசி போட்டிருக்கிறார். வயிற்றைத் தேய்த்திருக்கிறார். பலனில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். ஒரு கையை மடக்கி உள்ளே வைத்து, மறு கையால் வயிற்றின் மேலிருந்து அழுத்தி, கர்ப்பப்பையை இரண்டு கைக்கும் நடுவே இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஆஸ்பத்திரி வரும்வரை விடக் கூடாது.

"படத்துல பாத்தது அப்படியே கண்ணுல நிக்கிது சார். ஆனா என் கைக்குத் தெரியல. எம்புட்டு ஆழம், எம்புட்டு அழுத்தம்... பிடி கெடைக்கவே மாட்டேங்குது. வண்டி வேற தூக்கித் தூக்கிப் போடுது. அவ என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா."

போடி வந்து சேர்வதற்குள் முத்துப்பேச்சி போய்விட்டாள்.

"நர்சம்மா, நீங்க இதுக்குத்தான படிச்சு சர்டிபிகேட் வாங்கி சுவத்துல மாட்டியிருக்கீங்க?" என்று புருஷன் கேட்டாராம். சத்தம்கூடப் போடவில்லையாம். அன்று சாயங்காலமே அதைக் கழற்றிவிட்டேன் என்றார் செல்வி.

ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் என் பேச்சு நேரத்தில் அந்த ஒன்பது பேரும் பழகி முடித்திருப்பார்கள். பத்தாவதாக செல்வி கை வைத்திருப்பார். லேட்டாக வந்த அதிகாரி, சால்வை, பிரியாணி என்று பழியைப் பங்கு போட ஆட்கள் இல்லாமல் இல்லை. போட்டும் பார்த்துவிட்டேன். என் பங்கு குறைகிற மாதிரி தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

பஸ் வந்துவிட்டது. செல்வி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அடுத்த மாசம் மறுபடி ட்ரெய்னிங் வைக்கிறாங்க. உங்களத்தான் கூப்புடப் போறாங்களாம். கோவிச்சுக்கிறாதீங்க சார்... சோலி இருக்குன்னு சொல்லிருங்க."

முப்பது வருடமாக மேடை ஏறுகிறேன். இத்தனை நியாயமான வேண்டுகோளை யாரும் என்னிடம் வைத்ததில்லை.

சொன்ன மாதிரியே வியாழக்கிழமை போன் வந்தது. வரமாட்டேன் என்றேன். விழாவே வேண்டாம், காலையில் முதல் வேலையாகப் பொம்மையை எடுத்து வையுங்கள், மலைக்காரர்களை முன்னால் விடுங்கள் என்று கெஞ்சினேன். ஏற்பாடு செய்கிறவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் அவரே மறுபடி கூப்பிட்டார்.

"நீங்க ஒண்ணும் சங்கடப்படாதீங்க சார். உங்களுக்குப் பதிலா வேற ஒருத்தரைப் பிடிச்சுட்டோம். அவரு ஒரு மணி நேரம் பேசுறேன்னு சொல்லியிருக்காரு."