தண்ணீர் குடித்த நாய்க்குட்டி

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு ஒரு நாய்க்குட்டி கிடைத்தது. எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்களுக்கு நடுவே திருதிருவென்று நின்றதைச் சட்டைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கொஞ்ச நாள் என் காலைச் சுற்றியே கிடந்தது. பிறகு துடைப்பம், செருப்பு, வாசற்படி என்று கண்டதையெல்லாம் கடிக்கத் தொடங்கியது. விளையாடுகிறது என்று நினைத்துக் கையை நீட்டினேன். வாலை ஆட்டிக்கொண்டேதான் என் விரலைக் கடித்தது.

அம்மா மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்தாள். எங்கள் பக்கத்தில் நாய்க்கடிக்கு அதுதான் முதல் வைத்தியம். பால்குடி மறக்காத குட்டிக்கு ஏது விஷம் என்றார்கள் தெருவில். அப்பா ஒரு படி மேலே போனார். வெறி பிடித்த நாய் தண்ணீரைக் கண்டால் ஓடும் என்று கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார். குட்டி வந்து சளக் சளக்கென்று நக்கியது. பரீட்சையில் நானே பாஸானதுபோல் கைதட்டினேன்.

அதே தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை மட்டும் எதையும் நம்பவில்லை. அப்பாவின் தங்கை. முட்டையைக்கூடக் காதோரம் குலுக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள். மிளகாய்த்தூளைத் தட்டிவிட்டு, என் கையைக் குழாயடியில் பிடித்துத் துணி சோப்புப் போட்டுத் தேய்த்தாள்.

“புள்ளைய பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு அழச்சிட்டுப் போறேண்ணே.”

“அதான் தண்ணி குடிச்சிடுச்சே, அப்புறம் என்னா?” என்றார் அப்பா.

“நாயி தண்ணி குடிச்சா புள்ளைக்குச் சரியாப் போயிடுமா?”

தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்று தெருப்பிள்ளைகள் சொல்லியிருந்ததால், பஸ்ஸில் வயிற்றைப் பொத்திக்கொண்டே போனேன். கையில்தான் போட்டார்கள். கடித்த இடத்திலும் ஒன்று போட்டபோது உயிர் போய்த் திரும்பியது. மறுபடியும் வரவேண்டும் என்று நர்சம்மா சொன்னதும் எனக்கு அத்தைமேல் அப்படியொரு வெறுப்பு வந்தது.

அடுத்த ஊசிக்குப் போகவேண்டிய அன்று காலையில் குட்டியைக் காணவில்லை. அரியலூர்ப் பக்கம் விக்கிரமங்கலத்தில் ஒரு சோளக்காட்டுக்காரர் காவலுக்குக் கேட்டதால் கொடுத்துவிட்டதாக அத்தை சொன்னாள். இனி அவளோடு பேச்சே கிடையாது என்று முடிவெடுத்தேன். பஸ் நகர்ந்ததும் முடிவு பறந்துவிட்டது. அங்கே குட்டி என்ன சாப்பிடும், எங்கே படுக்கும் என்று துளைத்தெடுத்தேன். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. மூன்று வேளையும் சோறு, ஞாயிற்றுக்கிழமை கறி எலும்பு, படுக்கச் சாக்கு.

“என்னத் தேடுமா அத்தை?”

“தேடாம இருக்குமா?”

குட்டி அன்று விடியும்போதே தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்ததை, நான் கல்லூரி முடித்த பிறகுதான் அம்மா சொன்னாள். அதைப் புதைத்துவிட்டு வந்த அப்பா, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். நான் இன்று இருப்பதே அத்தையால்தான். இதெல்லாம் தெரியாமல், அத்தனை நல்ல இடத்துக்கு என்னை ஒருநாள்கூட அழைத்துப் போகவில்லையே என்று வருஷக்கணக்காக அவளிடம் சண்டை போட்டேன்.

“போலாம்டா தங்கம்,” என்பாள் அத்தை, ஒவ்வொரு தடவையும்.