உப்பில்லாத ஆடி

டாக்டர் அமிர்தநாதன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மண்ணூர்க்காரர். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் படித்து, சென்னைக்குப் போய் டாக்டரானவர். ஊசி போடுகிற டாக்டராக வந்திருந்தால் ஊரே வாசலில் வரிசை கட்டி நின்றிருக்கும். இவரோ மனநோய்க்கு வைத்தியம் பார்க்கிற டாக்டராக வந்து சேர்ந்தார். “இம்மாம் படிச்சிட்டு கடைசியில பைத்தியத்துக்கா வைத்தியம் பாக்கப் போன?” என்று அவருடைய சித்தப்பாவே கோயில் வாசலில் நாலு பேர் முன்னால் கேட்டார். வைத்தியம் போதாதென்று ஆராய்ச்சியும் செய்கிறான் என்று தெரிந்திருந்தால் மனிதர் இன்னும் என்னென்ன கேட்டிருப்பாரோ.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. லித்தியம் என்ற மருந்து அப்போதுதான் நம் பக்கம் எட்டிப் பார்த்திருந்தது. சில பேருக்கு மனசு ஊஞ்சல் மாதிரி. மேலே ஏறினால் தூக்கம் கிடையாது, பேச்சு நிற்காது, கையில் இருப்பதை எல்லாம் வாரி இறைப்பார்கள். கீழே இறங்கினால் குளிப்பதற்குக்கூட எழுந்திருக்க மாட்டார்கள். அந்த ஊஞ்சலை நடுவில் பிடித்து நிறுத்துகிற மருந்து லித்தியம். நம் வெயிலுக்கும் நம் சாப்பாட்டுக்கும் அதை எவ்வளவு கொடுக்கலாம், எவ்வளவு போனால் ஆபத்து என்று கண்டுபிடிப்பதுதான் அமிர்தநாதனின் ஆராய்ச்சி. சென்னையில் தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் பெரியவர்களிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கி, ஸ்ரீபெரும்புதூரில் மூடிக்கிடந்த ஒரு நெல் மண்டியின் முன்னறையைப் பிடித்து, சனிக்கிழமை தோறும் அங்கே வந்து உட்கார்ந்தார். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து நோயாளிகள் வந்தார்கள். மாத்திரை கொடுப்பார், ரத்தம் எடுப்பார், சென்னைக்குக் கொண்டுபோய் மருந்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்.

அப்படி வந்தவள்தான் கிளியம்மாள். ஒரகடம் கூட்டு ரோட்டில் பரசுராமனின் டீக்கடை என்றால் லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் டீ ஆற்றுவான். அவன் பெண்சாதி கிளியம்மாள் இரண்டு கையிலும் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து போய் லாரியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கொடுப்பாள். ஒரு சொட்டு சிந்தாது. “என் கை தராசு மாதிரி” என்பாள். பெருமைதான். இருக்கட்டுமே, இருக்கிற பெருமையைத்தானே சொல்கிறாள்.

ஆனால் ஊஞ்சல் ஏறிவிட்டால் அவளைப் பிடிக்க முடியாது. ஒருமுறை கடையிலிருந்த சர்க்கரை, டீத்தூள், பிஸ்கட் அத்தனையும் ரோட்டில் போகிறவர்களுக்குத் தானம் செய்துவிட்டு வாலாஜாபாத் வரைக்கும் பாடிக்கொண்டே நடந்து போய்விட்டாள். அடுத்த மாதமே சுவரைப் பார்த்துப் படுத்தவள் அறுவடை முடிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. பரசுராமன் போகாத பூசாரி இல்லை, கட்டாத தாயத்து இல்லை. கடைசியில் ஒரு லாரி டிரைவர் சொல்லித்தான் நெல் மண்டிக்குக் கூட்டி வந்தான்.

லித்தியம் அவளுக்கு அப்படிக் கேட்டது! ஒன்றரை வருடம் ஊஞ்சல் அசையவே இல்லை. சனிக்கிழமை வரும்போதெல்லாம் தூக்கு நிறைய டீ கொண்டு வருவாள். ஆராய்ச்சியில் சேர்ந்த அத்தனை பேரிலும் அவளைத்தான் அமிர்தநாதன் எல்லோரிடமும் எடுத்துச் சொல்வார். தன் வீட்டுப் பெண் பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி ஒரு பூரிப்பு.

இந்த மருந்தில் ஒரு விஷயம் உண்டு. லித்தியமும் ஒரு வகை உப்புதான். சாப்பாட்டில் உப்பு குறைந்தால், உடம்பு உப்பென்று நினைத்து லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்து விஷமாகிவிடும். அதனால் இதைச் சாப்பிடுகிறவர்கள் சாப்பாட்டில் உப்பைக் குறைக்கவே கூடாது. இதை ஒவ்வொரு நோயாளியிடமும் சொல்ல வேண்டும் என்பது முதல் பாடம். அமிர்தநாதனுக்கு அது தலைகீழ்ப் பாடம். சென்னையில் காரில் வந்து இறங்குகிறவர்களிடம் தவறாமல் சொல்வார். அவர்களுக்குத்தான் ரத்தக் கொதிப்பு, உப்பில்லாத இட்லி எல்லாம். நெல் மண்டியில் அவர் அதைச் சொல்லவில்லை. ‘நம்ம ஜனங்க கூழுக்கு உப்பு இல்லைன்னு அழுவுறவங்க. இவங்ககிட்ட போய் உப்பைக் குறைக்காதேன்னு சொன்னா சிரிப்பாங்க’ என்று நினைத்தார். அந்த மண்ணில் பிறந்தவர் அல்லவா, அதைப்பற்றி எல்லாம் தனக்குத் தெரியும் என்ற நினைப்பு. தெரியும் என்ற நினைப்பு இருக்கிறதே, அதுதான் மனிதனைக் கவிழ்க்கிறது.

அந்த வருடம் ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிளியம்மாள் டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, “டாக்டரய்யா, கேக்குறேன்னு தப்பா நெனக்காதீங்க. உங்குளுக்குப் பசங்க எத்தினி?” என்றாள்.

“இல்லம்மா” என்றார்.

“கல்யாணமாயி எம்மா நாளாவுது?”

“எட்டு வருஷம்.”

கிளியம்மாள் தூக்கை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அமிர்தநாதனின் மனைவி அன்னபுஷ்பம் பள்ளிக்கூட டீச்சர். போகாத ஆஸ்பத்திரி இல்லை, வேளாங்கண்ணிக்கு இரண்டு முறை நடந்தே போய் வந்தவள். வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருக்க இருவரும் பழகியிருந்தார்கள்.

ஆடி பிறந்தது. ஊருக்கு ஊர் அம்மனுக்குக் கூழ் வார்த்தார்கள், மைக் செட் அலறியது. ஆடி பாதியில் வந்த சனிக்கிழமை கிளியம்மாள் டீ ஊற்றும்போது கை லேசாக நடுங்கியது. முகமும் வாடியிருந்தது.

“இன்னாம்மா, கை ஆடுது? சாப்புட்டியா?” என்று கேட்டார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஒரு வேண்டுதல் கீது. முடியிற வரிக்கும் வெளிய சொல்லக் கூடாது” என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்குக் கை லேசாக நடுங்குவது சகஜம். அடுத்த வாரம் பெங்களூரில் டாக்டர்கள் கூடுகிற மாநாடு. அங்கே படிக்க வேண்டிய கட்டுரை அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. “வேண்டுதல் எல்லாம் இருக்கட்டும், மாத்திரைய மட்டும் வுட்டுடாத” என்று சொல்லிவிட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். என்ன வேண்டுதல் என்று கேட்கவில்லை. சொல்லக் கூடாது என்றவளை ஒரு அதட்டல் போட்டிருந்தால் சொல்லியிருப்பாள். எடுத்த ரத்தத்தின் முடிவு சென்னையில் அவருடைய மேஜைக்கு வந்து சேர்வதற்குள் அவர் ரயில் ஏறியிருந்தார்.

கிளியம்மாள் அவர் சொல் தட்டாதவள். மாத்திரையை விடவில்லை. வாந்தி எடுத்தபோதும் விடவில்லை, நடக்கக் கால் பின்னியபோதும் விடவில்லை. வாய் குழறி, கண் செருகி, கடைக்குள்ளேயே அவள் விழுந்தபோது பரசுராமன், டீ குடிக்க நின்றிருந்த ஒரு லாரியில் அவளை ஏற்றிச் சென்னைக்குக் கொண்டு வந்தான்.

பெங்களூரிலிருந்து திரும்பிய அமிர்தநாதன் ரயில் நிலையத்திலேயே செய்தி கேட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கிளியம்மாளின் கையில் ஊசி குத்தி உப்பு நீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் யாரையும் அடையாளம் காணவில்லை.

“இன்னா சாப்புட்டா பரசுராமா? புதுசா எதுனா மருந்து, பச்சிலை?”

“ஒண்ணுமில்லீங்க. ஆடி பொறந்ததுலேந்து உப்பு சேக்கல, அவ்ளோதான். கூழு, கஞ்சி, கொழம்பு எல்லாமே உப்பில்லாம. ஆத்தாவுக்கு உப்பில்லா வெரதம். இன்னாத்துக்குன்னு எங்கிட்டயும் சொல்லலீங்க.”

அமிர்தநாதன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். உப்பில்லா விரதம்! மண்ணூரில் அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டிலேயே ஆடிக்கு ஆடி இருப்பார்களே. சின்ன வயதில் அந்தக் குழம்பை ருசி பார்த்துத் துப்பியிருக்கிறாரே. கூழுக்கு உப்பு இல்லை என்று அழுகிற ஜனம், சாமிக்கென்றால் இருக்கிற உப்பையும் தள்ளி வைக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். நினைக்கவில்லை. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்லவில்லை. தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

கிளியம்மாள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை, பேச்சில் குழறல் போகவில்லை. லித்தியத்தை நிறுத்தினார்கள். அதற்குப் பதில் கொடுத்த மாத்திரையில் பாதி நேரம் தூங்கி வழிந்தாள். நடுக்கம் சரியாகுமா என்று பரசுராமன் ஒவ்வொரு முறையும் கேட்டான். “பாக்கலாம்” என்று அமிர்தநாதன் ஒவ்வொரு முறையும் சொன்னார். ஆகாது என்று அவருக்கு எப்போதோ தெரிந்துவிட்டது.

பேராசிரியர் சுப்பராயன்தான் ஆராய்ச்சிக்குத் தலைவர். எல்லாவற்றையும் கேட்டவர் கோபப்படவில்லை. அதற்கு மாறாக அவர் கண் பளபளத்தது. “அமிர்தநாதன், இதை எழுதும் ஐயா! வெள்ளைக்காரன் புத்தகத்தில் எங்கேயும் இது கிடையாது” என்றார். இன்னொருத்தர் இப்படி விழக் கூடாதே என்று அமிர்தநாதனும் எழுதினார். அடுத்த மாநாட்டில் படித்தபோது கைதட்டல் ஓயவே இல்லை. யார் யாரோ வந்து கையைப் பிடித்துக் குலுக்கி, அருமையான கண்டுபிடிப்பு என்றார்கள். கண்டுபிடிப்பாம்! ஒரு பொம்பிளையின் கையைக் கெடுத்துப் பெற்ற பெயர் என்று அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு நெல் மண்டியில் வந்து உட்காருகிற ஒவ்வொருவரிடமும் உப்பைப்பற்றிச் சொன்னார், என்னென்ன விரதம் இருப்பீர்கள் என்று கேட்டார். ஒரகடத்துக்கு மட்டும் அவர் போகவில்லை. பரசுராமன் வந்து மருந்து வாங்கிப் போவான்.

மறு வருடம் அன்னபுஷ்பத்துக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது.

செய்தி கேட்டு பரசுராமன் அழுதே விட்டான். “கிளி வேண்டிக்கினது பலிச்சிடுச்சுங்க! இப்பத்தாங்க சொன்னா. அந்த வெரதம் உங்குளுக்காவத்தானாம். டாக்டரய்யாவுக்கு ஒரு புள்ள வேணும்னு ஆத்தாவாண்ட கேட்டாளாம்.”

அமிர்தநாதன் இத்தனை நாளும் தன் கவனக்குறைவு என்று ஒரு பாரம் சுமந்தார். அவள் அந்த விரதம் இருந்ததே தனக்காகத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் அன்னபுஷ்பத்திடம் சொன்னார். அவள், “கொழந்தைய எடுத்துக்கினு போலாங்க. அந்தம்மா கையில குடுக்கணும்” என்றாள். அவர் வேறொன்றும் முடிவு செய்துகொண்டார். எல்லா உண்மையையும் கிளியம்மாளிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லி, அவள் காறித் துப்பினால் துடைத்துக்கொள்ள வேண்டும்.

குழந்தையோடு இருவரும் ஒரகடத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது கிளியம்மாள் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். லாரிகளுக்கு டீ கொண்டு போக இப்போது பரசுராமனின் தங்கை. கிளாஸ் கழுவுவதுதான் கிளியம்மாளின் வேலை, அதிலும் பாதி உடைந்து போகும். குழந்தையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க அமிர்தநாதனால் முடியவில்லை.

“தூக்கிக்கங்க” என்று அன்னபுஷ்பம் நீட்டினாள்.

“ஐயோ வேணாம்மா. கை நிக்காது, வுட்டுடுவேன்.” கிளியம்மாள் இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். “வெரதம் பாதியில நின்னு போச்சில்ல, ஆத்தாவுக்குக் கோவம். கைய எடுத்துக்கினா. போவுது. புள்ளையக் குடுத்துட்டாளே!” குழறிக் குழறித்தான் சொன்னாள், ஆனால் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

அமிர்தநாதனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கிளியம்மா, ஆத்தா ஒண்ணும் பண்ணல. உன் மேல ஒரு தப்பும் இல்ல. அந்த மாத்திரை துன்னுறவங்க உப்ப வுடக் கூடாது. அத உங்கிட்ட நான் சொல்லியிருக்கணும், சொல்லல. கை ஆடுதுன்னு பாத்தும் இன்னா வேண்டுதல்னு கேக்கல. உன் கையக் கெடுத்தது ஆத்தா இல்லம்மா. நான்தான்.”

ஆற்றிக்கொண்டிருந்த டீயைப் பரசுராமன் அப்படியே வைத்தான். கிளியம்மாள் டாக்டரைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். முந்தானையை விலக்கித் தன் கைகளைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப்போனது. கோபம் வரும் என்று அவர் காத்திருந்தார். வரவில்லை.

“அப்ப…” என்றாள். “கைய ஆத்தா எடுத்துக்கலன்னா… புள்ளைய யாரு குடுத்தது?”

 தன் நெஞ்சு ஆற வேண்டும் என்று உண்மையைச் சொல்ல வந்தவர், அவள் கை போனதற்கு ஈடாக அவளிடம் இருந்த ஒன்றே ஒன்றையும் பிடுங்கிக்கொண்டார் என்பது அந்தக் கேள்வியில்தான் அவருக்கு உறைத்தது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர், கழுத்தில் மாதா சுரூபத்தைத் தொங்கவிட்டிருப்பவர். மனைவியைப் பார்த்தார். சொல்லுங்கள் என்பதுபோல் அன்னபுஷ்பம் தலையை அசைத்தாள்.

“ஆத்தாதாம்மா குடுத்தா” என்றார். “உன் வெரதத்துக்குத்தான் குடுத்தா.”

“நெசமாவா?”

“சத்தியமா.”

“அத்தச் சொல்லுங்க” என்றாள் கிளியம்மாள். போன உயிர் திரும்பி வந்தது. அன்னபுஷ்பம் அவள் மடியில் குழந்தையைக் கிடத்தினாள். கிளியம்மாளின் கைகள் அதைச் சுற்றி வந்து பிடித்தன. அவை நிற்காமல் ஆடின. அந்த ஆட்டத்தில் குழந்தை தூங்கிப் போனது. அமிர்தநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.